நறுக்கிய நாடாவிலிருந்து பேசும் இயந்திரம் வரை: பதிவொலி செயற்கைப் பேச்சான வழி

2024ஆம் ஆண்டில், மறைந்தவர்களின் குரல் தொடர்பாக இரண்டு செய்திகள் வந்தன. ஜனவரியில், ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவின் துணையோடு மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார். ஜூலை 11 அன்று கன்னடத் தொலைக்காட்சித் தொகுப்பாளரும் நடிகையுமான அபர்ணா வஸ்தாரே காலமானார். பெங்களூரு மெட்ரோவில் அன்றாடம் போய்வரும் தமிழர்கள் பலருக்கு அவர் பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த நிலையம் எது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கன்னடத்தில் சொன்ன குரலை அறியாதவர் இல்லை. அவர் மறைந்த பிறகும் அந்தக் குரல் ரயிலில் ஒலித்தபோது, இதுவும் ஏஐ செய்த வேலையா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

இரண்டும் வெவ்வேறு. மெட்ரோவில் ஒலிப்பது, அவர் உயிரோடு இருந்தபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் சொன்ன சொற்கள். பாடலில் ஒலிப்பது, அந்தப் பாடகர்கள் ஒருபோதும் பாடாத வரிகள். முன்னதிலிருந்து பின்னதற்கு வந்து சேர ஆராய்ச்சியாளர்களுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. ஒருவர் பேசியதைப் பதிந்து, நறுக்கி, அவர் பேசாத ஒரு வாக்கியத்தை அவர் குரலிலேயே உருவாக்க முடியுமா என்பதுதான் அவர்கள் முன் இருந்த கேள்வி. தொடக்க காலச் சோதனைகள் பெரும்பாலும் தோற்றன. பேச்சு என்றால் என்ன என்பதை நமக்குக் கற்பித்தவை அந்தத் தோல்விகளே என்பதால், இக்கட்டுரை அவற்றிலேயே அதிக நேரம் நிற்கிறது.

மூன்று வழிகள்

இயந்திரம் பேசுவதற்கு அடிப்படையில் மூன்று வழிகள் உண்டு. செய்திகளில் இவை மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் தனித்தனியே வரையறுத்துக்கொள்வது நல்லது.

1. மறுஒலிப்பு: முழு வாக்கியத்தையும் மனிதர் சொல்ல, பதிந்து வைத்துத் தேவைப்படும்போது ஒலிக்கவிடுவது. இதில் செயற்கை எதுவும் இல்லை.

2. ஒட்டுப் பேச்சு: பதிவுகளைத் துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொண்டு, வேண்டிய வரிசையில் ஒட்டிப் புதிய வாக்கியம் செய்வது. துண்டு ஒரு சொற்றொடராகவும் இருக்கலாம், ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நீளமுள்ள ஒலியாகவும் இருக்கலாம்.

3. ஆக்கப் பேச்சு: பதிவே இல்லாமல், குரல்நாண்களின் அதிர்வையும் வாயின் வடிவத்தையும் இயந்திரத்தாலோ மின்சுற்றாலோ கணக்காலோ போலச் செய்து ஒலியை உண்டாக்குவது.

காலத்தால் மூத்தது மூன்றாவது வழி. ஒலிப்பதிவு என்ற ஒன்றே இல்லாத காலத்தில், வொல்ஃப்காங் வான் கெம்பெலன் துருத்தியையும் நாக்குத் தகட்டையும் கையால் அழுத்தும் குழலையும் கொண்டு பேசும் இயந்திரம் ஒன்றைச் செய்து, 1791இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வகத்தின் ஹோமர் டட்லி உருவாக்கிய ‘வோடர்’ என்ற மின்கருவி பார்வையாளர்கள் முன் பேசியது. மணிக்கட்டால் ஒரு பட்டையை அழுத்திக் குரலொலியா காற்றொலியா என்று தேர்ந்து, பத்து விரல்களாலும் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைத்து, காலால் சுருதியை மாற்றி, ஒரு பெண் அதை இசைக்கருவி போல வாசித்தார். தெளிவாகப் பேசவைக்க ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. இயந்திரப் பேச்சின் வரலாற்றை எழுதுபவர்கள் வோடரிலிருந்து நேரே கணினிக்குத் தாவிவிடுவது வழக்கம். இடையில் கத்தரியும் நாடாவுமாக நடந்த வேலை அதைவிட முக்கியமானது என்பது என் கருத்து.

பேசும் கடிகாரம்: ஒட்டுதல் எளிதாக இருந்த இடம்

1936 ஜூலை 24 அன்று பிரிட்டனில் தொலைபேசி வழி மணி சொல்லும் சேவை தொடங்கியது. எதல் கெய்ன் என்ற தொலைபேசி இயக்குநரின் குரலைக் கண்ணாடித் தட்டுகளில், திரைப்படச் சுருளின் ஓரத்தில் ஒலியைப் பதிவதைப் போலவே, ஒளிவழியில் பதிந்திருந்தார்கள். முழு அறிவிப்பு எதுவும் பதியப்படவில்லை. மணி, நிமிடம், விநாடி ஆகியவற்றுக்கான சொற்கள் தனித்தனியே இருந்தன. அவற்றை இயந்திரம் பத்து விநாடிக்கு ஒருமுறை கோத்துச் சொன்னது.

இதன் சிக்கனத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து விநாடிக்கு ஓர் அறிவிப்பு என்றால் 12 × 60 × 6, அதாவது 4,320 வெவ்வேறு அறிவிப்புகள். அவற்றை உண்டாக்க 12 மணிச் சொற்கள், 60 நிமிடச் சொற்கள், 6 விநாடிச் சொற்கள் என 78 துண்டுகளும் எல்லாவற்றுக்கும் பொதுவான சில தொடர்களும் போதும்.

இது வெற்றி பெற்றதற்குக் காரணம் துண்டுகளின் அளவு. ஒவ்வொரு துண்டும் முழுச் சொல்லாகவோ தொடராகவோ இருந்தது. துண்டுக்கும் துண்டுக்கும் இடையே இயல்பாகவே சிறு இடைவெளி விழுந்தது. ஒவ்வொன்றும் வாக்கியத்தில் எப்போதும் ஒரே இடத்தில் வந்தது. இவற்றுள் மூன்றாவது நிபந்தனை உடைந்தால் என்ன ஆகும் என்பதை ரயில் நிலையத்தில் கேட்கலாம். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸின் எண் 12640. இதை ஒருவர் இலக்கம் இலக்கமாகச் சொல்லும்போது முதல் நான்கு இலக்கங்களில் குரல் தாழாமல் நிற்கும், கடைசிப் பூஜ்யத்தில் இறங்கும். எண் முடிந்துவிட்டது என்று காதுக்குத் தெரிவது அந்த இறக்கத்தால்தான். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரே ஒரு பதிவை வைத்துக்கொண்டு ஒட்டினால், நடுவிலுள்ள ‘ஆறு’ வாக்கியம் முடிந்ததைப் போல இறங்கும். அல்லது கடைசிப் பூஜ்யம் இன்னும் ஏதோ வரப்போவதைப் போலத் தொங்கும். ஆகவே நல்ல அறிவிப்பு முறைகளில் ஒரே இலக்கத்தை இடையில் வருவதற்கு ஒரு விதமாகவும் முடிவில் வருவதற்கு வேறு விதமாகவும் பதிந்து வைப்பார்கள். அறிவிப்பு ஒட்டியதா முழுப் பதிவா என்று கண்டுபிடிக்க விரும்புபவர், எண்களையும் ஊர்ப் பெயர்களையும் சுற்றிச் சுருதி எப்படி நகர்கிறது என்று கவனித்தால் போதும்.

எழுத்துக்கு ஓர் ஒலி வைத்தால் போதாதா?

கடிகாரம் 78 துண்டுகளால் மணி சொல்லும். நாளிதழைப் படிக்கச் சொன்னால் அதனால் முடியாது. மொழியிலுள்ள எல்லாச் சொற்களையும் யாரும் பதிந்துவைக்க முடியாது என்பதால், துண்டைச் சிறிதாக்கியே ஆக வேண்டும். தமிழ் அறிந்தவர் எவருக்கும் உடனே ஒரு யோசனை தோன்றும்: நமக்குத்தான் 247 எழுத்துகள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றையும் நல்ல குரலுள்ள ஒருவரைச் சொல்லவைத்துப் பதிந்துகொண்டு வேண்டிய வரிசையில் கோத்தால் என்ன?

ஆங்கிலத்துக்கு இதே யோசனையை ஒருவர் உண்மையிலேயே சோதித்துப் பார்த்தார். அமெரிக்க ஒலியியலாளர் சிரில் ஹாரிஸ், பேச்சின் கட்டுமானத் துண்டுகள் குறித்து 1953இல் வெளியிட்ட ஆய்வு அது. காந்த நாடாவில் பதிந்த பேச்சிலிருந்து தனித்தனி ஒலிகளை வெட்டியெடுத்து வேறு வரிசையில் ஒட்டும் வேலை.

அந்த வேலையின் நுணுக்கத்தைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூட நாடா விநாடிக்கு சுமார் 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். ‘க்’ போன்ற வல்லெழுத்தின் வெடிப்பு 20 மில்லி விநாடி நீடிக்கிறது என்று கொண்டால், நாடாவில் அது முக்கால் சென்டிமீட்டர் பழுப்புப் பட்டை. கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. நாடாவைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து, ஒலிமுனையில் உரசும் சத்தத்தைக் கேட்டு, ஒலி தொடங்கும் இடத்தைக் குறித்து, சவர பிளேடால் வெட்டி, ஒட்டுப் பட்டையால் அடுத்த துண்டோடு சேர்க்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டும், ஓர் ஒலிக்கு ஒரு துண்டு என்ற கணக்கில் ஒட்டிய பேச்சு இயற்கையாக இல்லாததோடு, பெரும்பாலும் புரியவும் இல்லை. ஒவ்வோர் ஒலிக்கும், அதன் அக்கம்பக்கத்தில் எந்த ஒலி வருகிறது என்பதைப் பொறுத்துப் பல வகைத் துண்டுகள் வைத்துக்கொண்டபோதே பேச்சு தெளியத் தொடங்கியது.

காரணம் என்ன என்பதை ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஹாஸ்கின்ஸ் ஆய்வகம் காட்டியது. பார்வையற்றோருக்கு அச்சிட்ட நூலைப் படித்துக்காட்டும் இயந்திரம் செய்யப் புறப்பட்ட ஆய்வகம் அது. அங்கே ஃபிராங்க்ளின் கூப்பர் உருவாக்கிய ‘பேட்டர்ன் பிளேபேக்’ என்ற கருவி, பதிவு செய்த பேச்சின் படத்தை மறுபடி ஒலியாக மாற்றியது. பேச்சில் எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று காட்டும் படத்துக்கு ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். அதைப் பார்த்து, இன்றியமையாதவை என்று நினைத்த பட்டைகளை மட்டும் ஒளிபுகும் தாளில் வெள்ளைச் சாயத்தால் வரைந்து கருவிக்குள் ஓட்டுவார்கள். 120 ஹெர்ட்ஸில் தொடங்கி 6,000 ஹெர்ட்ஸ் வரை ஐம்பது சுரங்களைத் தரும் ஒளிச்சக்கரம் அந்தக் கோடுகளைப் பேச்சாக்கும். சுருதி மாறாத, தட்டையான பேச்சு அது. ஆனால் எந்தக் கோட்டை அழித்தால் எந்த எழுத்து மறைகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க அதைவிடச் சிறந்த கருவி அப்போது இல்லை.

ஆல்வின் லிபர்மேனும் கூப்பரும் பியர் டெலாத்தரும் அதில் கண்ட ஒரு விளைவு இன்றும் வியப்பளிப்பது. 1,440 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு சிறு வெடிப்பை வரைந்து, அதன் பின் ‘இ’ உயிரை வைத்தால் கேட்பவர்கள் ‘பி’ என்றார்கள். அதே வெடிப்பின் பின் ‘அ’ உயிரை வைத்தால் ‘க’ என்றார்கள். ஒலி ஒன்றே, காதில் விழுந்த எழுத்து வேறு. மெய்யெழுத்து என்று நாம் நினைப்பது அந்த வெடிப்பில் மட்டும் அடங்கியிருக்கவில்லை. வாய் அந்த நிலையிலிருந்து உயிருக்கு நகரும்போது அதிர்வெண்கள் வளைந்து செல்லும் விதத்திலும், அடுத்து வரும் உயிரிலும் அது பரவிக் கிடக்கிறது. ஹாரிஸின் பிளேடு வெட்டி எறிந்தது அந்த வளைவைத்தான்.

இதன் வெளிச்சத்தில் 247 எழுத்து யோசனைக்குத் திரும்பலாம். அது மூன்று இடங்களில் உடைகிறது.

1. எழுத்து ஒன்று, ஒலி பல. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகலம்’ மூன்றிலும் வருவது ‘க’தான். ஆனால் முதலாவதில் வல்லொலி (ஆங்கில k போல), இரண்டாவதில் குரல்நாண் அதிர்வால் குரல் சேர்ந்த ஒலி (g போல), மூன்றாவதில் காற்று உரசும் மெல்லிய ஒலி. ‘பம்பரம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு ‘ப’வும் வேறு வேறு.

2. மௌனமும் எழுத்தாகிறது. ‘பக்கம்’ என்பதில் வரும் ‘க்க’வைத் தனித்துக் காட்டுவதில் பெரும்பங்கு, வாய் மூடியிருக்கும் அந்த நீண்ட அடைப்புக்கு உண்டு. நாடாவில் அது வெற்றுப் பட்டை. அதைக் கொஞ்சம் கத்தரித்தால் சொல்லே கெட்டுவிடும். ‘க்’ என்று தனியே சொல்லச் சொன்னால் எவரும் ‘இக்’ என்பார். அந்தப் பதிவால் இங்கே பயன் இல்லை.

3. எழுத்தின் அளவு இடத்தால் மாறுகிறது. ‘பத்து’, ‘நாடு’ ஆகியவற்றின் ஈற்று உகரம் குறுகி ஒலிக்கும். தமிழ் இலக்கணம் இதைக் குற்றியலுகரம் என்று பிரித்துச் சார்பெழுத்துகளில் வைத்தது. சார்ந்து வரும் இடத்தால் ஒலி மாறும் என்ற இந்த நோக்கு, நாடாவை வெட்டியவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதற்கு மிக அருகில் இருக்கிறது.

வெட்டும் இடம் மாறியது

ஒலிக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள வளைவில்தான் செய்தி இருக்கிறது என்றால், அங்கே வெட்டக் கூடாது. 1958இல் கார்டன் பீட்டர்சன், வில்லியம் வாங், ஈவா சிவர்ட்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இந்த முடிவுக்கு வழி காட்டியது: ஓர் ஒலியின் நடுவில் தொடங்கி அடுத்த ஒலியின் நடுவில் முடியும் துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒலியின் நடுப்பகுதி ஓரளவு நிலையாக இருக்கும்; அங்கே ஒட்டினால் காதுக்கு உறுத்தல் குறையும்; கடினமான வளைவு துண்டின் உள்ளே சேதமில்லாமல் இருக்கும். இத்தகைய துண்டை ஈரொலித் துண்டு எனலாம். ‘கடல்’ என்பதற்கு மௌனத்திலிருந்து ‘க்’, ‘க்’-‘அ’, ‘அ’-‘ட்’, ‘ட்’-‘அ’, ‘அ’-‘ல்’, ‘ல்’-மௌனம் என ஆறு துண்டுகள் வரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு மொழியில் 40 ஒலிகள் இருந்தால் இணைகள் 40 × 40, அதாவது 1,600. எல்லா இணைகளும் மொழியில் வருவதில்லை என்றாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை ஒரே ஆள், ஒரே குரல் அளவில், ஒரே சுருதியில் சொல்லிப் பதிய வேண்டும். அவற்றை வேண்டியபோது வேண்டிய வரிசையில் எடுத்துத் தர அன்றைய நாடாவால் முடியவில்லை. முறை சரியானது, கருவி போதவில்லை.

சுருதியைப் பிரித்தெடுத்த கணக்கு

துண்டுகள் பொருந்தினாலும் இன்னொரு சிக்கல் எஞ்சியது. கேள்வியில் குரல் உயரும், முடிவில் தாழும். பதிந்த துண்டின் சுருதியை உயர்த்த நாடாவை வேகமாக ஓட்டினால் துண்டின் நீளம் குறைந்துவிடும். வாயின் ஒத்ததிர்வுகளும் சேர்ந்து உயர்ந்து, பெரியவர் குரல் சின்னக் குழந்தையின் குரலாகிவிடும். குரல்நாண்களின் அதிர்வையும் வாயின் வடிவத்தையும் பதிவிலிருந்து பிரித்தெடுத்தாலொழிய வழியில்லை.

அந்தப் பிரிப்பைச் சாத்தியமாக்கிய கணக்கின் பெயர் லீனியர் பிரெடிக்ஷன். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் இடாகுராவும் சைட்டோவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அடலும் தனித்தனியே இதை வளர்த்தார்கள். கான்பூரில் பிறந்த அடல், 1950களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். பின்னர் அங்கேயே சில ஆண்டுகள் விரிவுரையாளராகவும் இருந்தவர். இன்று கைபேசியில் நாம் பேசுவதும் அவருடைய கணக்கின் வழிவந்த முறைகளால்தான் என்பது பெங்களூரில் இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

கணக்கின் சாரம் எளியது. தொலைபேசிப் பேச்சில் விநாடிக்கு 8,000 முறை ஒலியின் அளவு எடுக்கப்படுகிறது. இந்த அளவுகள் தாறுமாறாக மாறுவதில்லை. முந்தைய பத்து அளவுகளைத் தெரிந்த விகிதங்களில் கூட்டினால் அடுத்த அளவைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அந்தப் பத்து விகிதங்கள் அக்கணத்தில் வாயும் தொண்டையும் இருக்கும் வடிவத்தைக் குறிக்கின்றன. ஊகத்தில் அடங்காமல் எஞ்சுவது குரல்நாண் தந்த அதிர்வு. இரண்டும் பிரிந்த பிறகு, வாயின் வடிவத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் மாற்றலாம்.

சேமிப்பிலும் இது பெரிய லாபம். சாதாரணத் தொலைபேசிப் பேச்சுக்கு விநாடிக்கு 64,000 பிட் வேண்டும்; இந்த முறையில் 2,400 பிட் போதும். 1978இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற பேசும் பொம்மைக்குள் இருந்த நினைவகச் சிப் ஒன்றின் கொள்ளளவு 128 கிலோபிட். பழைய முறையில் அதில் இரண்டு விநாடிப் பேச்சு மட்டுமே அடங்கும். புதிய முறையில், விநாடிக்கு 2,400 பிட் என்று வைத்தாலே 50 விநாடிக்கு மேல் அடங்கும். ஒரு மனிதர் சொன்ன சொற்கள் கணக்காகச் சுருங்கி, குழந்தையின் கையிலுள்ள பொம்மையில் மறுபடி குரலாக விரிந்தன. முந்தைய ஆண்டு, 1977இல், பெல் ஆய்வகத்தின் ஜோசப் ஆலிவ் இந்தக் கணக்கையும் ஈரொலித் துண்டுகளையும் இணைத்திருந்தார். 1958இன் யோசனைக்கு வேண்டிய கருவி அப்போதுதான் வந்து சேர்ந்தது.

பிறகு வந்தவை

1980களின் பிற்பகுதியில் பிரான்சில், குரலின் ஒவ்வோர் அதிர்வையும் தனித்தனியே நறுக்கி நெருக்கியோ விலக்கியோ அடுக்கிச் சுருதியை மாற்றும் முறை உருவாயிற்று. 1996இல் ஜப்பானின் ஏடிஆர் ஆய்வகத்தில் ஆண்ட்ரூ ஹண்டும் ஆலன் பிளாக்கும் வேறு திசையில் போனார்கள்: பல மணி நேரப் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வேண்டிய இடத்துக்கு மிகப் பொருத்தமான, பக்கத்துத் துண்டோடு மிக இசைவாகச் சேரும் துண்டைக் கணினியே தேடியெடுக்கும் முறை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருவான தமிழ்ப் பேச்சு மென்பொருளும் ஒட்டுப் பேச்சு மரபைச் சேர்ந்ததே. 2016இல் கூகுளைச் சேர்ந்த டீப்மைண்ட் நிறுவனத்தின் ‘வேவ்நெட்’ வந்தபோது துண்டுகளே மறைந்தன. விநாடிக்கு 16,000 அளவுகளையும் ஒவ்வொன்றாக நரம்பணுப் பின்னலே (நியூரல் நெட்வொர்க்) ஊகித்து எழுதியது. முந்தையதிலிருந்து அடுத்ததை ஊகிப்பது என்ற அடலின் கருத்து இங்கே வேறு உருவில், மிகப் பெரிய அளவில் மறுபடி வருகிறது.

இதனால் இன்று தெளிவாகும் சில

1. ‘மூன்று விநாடிக் குரல் இருந்தால் போதும்’ என்ற செய்தி பாதி உண்மை. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ‘வால்-ஈ’ மூன்று விநாடி மாதிரியைக் கொண்டு ஒருவர் குரலைப் போலச் செய்தது. ஆனால் அதற்கு முன்பே ஏறத்தாழ 60,000 மணி நேர ஆங்கிலப் பேச்சில் அது பயிற்றப்பட்டிருந்தது. ஒலிகள் எப்படி ஒன்றையொன்று தழுவுகின்றன என்பதை அந்த மணி நேரங்கள் கற்பித்தன. மூன்று விநாடி சொன்னது யாருடைய தொண்டை என்பதை மட்டும்.

2. பதிவுக்குக் கொடுத்த சம்மதம் ஆக்கத்துக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. அறிவிப்புக்காக ஒருவர் சில நூறு வாக்கியங்களைச் சொல்லிக் கொடுக்கும்போது, எந்தச் சொற்கள் தன் குரலில் ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதே பதிவுகளிலிருந்து புதிய பேச்சை ஆக்கினால் அந்த எல்லை போய்விடுகிறது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அனுமதியின்றி அவர் குரலை ஏஐ கருவிகளால் நகலெடுப்பதற்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. புகழ் பெற்றவர்களுக்குக் கிடைத்த இந்தக் காப்பு, பெயர் தெரியாத அறிவிப்பாளர்களுக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

3. குரல் இயற்கையானாலும் எழுத்தைப் படிப்பது தனி வேலையாகவே நிற்கிறது. வெளிமாநிலத் தமிழர்களை இது அதிகம் தொடுகிறது. சொல்லின் முதலில் வரும் ‘க’, ‘த’, ‘ப’வை வல்லொலியாகப் படி என்பது தமிழுக்குச் சரியான விதி. ‘கெங்கேரி’யை அந்த விதி பிழையில்லாமல் படித்துவிடும். ‘காந்தி பஜார்’, ‘பசவனகுடி’, ‘பனசங்கரி’ ஆகிய மூன்றிலும் தவறும். ‘தேவனஹள்ளி’யின் ‘தே’ குரல் சேர்ந்தது. ‘தாவரேகெரே’யின் ‘தா’ வல்லொலி. எழுத்தைப் பார்த்து இதை ஊகிக்க இயந்திரத்துக்கு எந்தத் தடயமும் இல்லை. நகரத்தின் பெயரான ‘பெங்களூரு’வே விதிப்படி படித்தால் பிழையாகிவிடும். பார்வையற்ற தமிழர் ஒருவர் திரையில் உள்ள எழுத்தை வாசித்துக்காட்டும் கைபேசிப் படிப்பானை நம்பித் தெருப் பெயரைக் கேட்டு ஆட்டோ ஓட்டுநரிடம் சொல்லும்போது இது வெறும் உச்சரிப்பு நயமாக இருப்பதில்லை.

மூன்றாவது சிக்கலுக்கு மேலும் பெரிய நரம்பணுப் பின்னல் மட்டும் தீர்வாகாது. கன்னட எழுத்தில் இந்த வேறுபாடு வெளிப்படையாக இருப்பதால், ஊர், தெரு, நிலையப் பெயர்களைத் தமிழ், கன்னடம் இரண்டிலும் இணையாக எழுதிய ஓர் உச்சரிப்புப் பட்டியலைப் படிப்பான் மென்பொருள்களுக்குள் சேர்த்தால் போதும். அதற்குத் தேவையான அறிவு, இரண்டு எழுத்துகளையும் படிக்கத் தெரிந்து, அந்தப் பெயர்களை நாள்தோறும் சொல்லிப் பழகிய பெங்களூருத் தமிழர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.